புதன்கிழமை ஊசி: நர்ஸம்மா பதில்கள்

போன இதழில் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கிராம சுகாதார செவிலியராக இருந்த 28 வருடத்தில் "என் பிள்ளைக்கு ஊசியே வேண்டாம்" என்று சொன்ன தாயைப் பத்துப் பேர்கூடப் பார்த்ததில்லை, போட நினைத்தும் போட முடியாமல் போன தாய்களுக்குக் கணக்கே இல்லை என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாமே கடலூர், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் என்று நம் பக்கத்து ஊர்கள்தான். பாதிப் பேர் பெயர் போடாதீர்கள் என்று கேட்டிருந்ததால் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மருமகளுக்கு அம்மா வீடு புதுச்சேரி எல்லைக்குள், எங்கள் வீடு கடலூர் பக்கம். பிரசவம் புதுச்சேரியில். ஒன்றரை மாத ஊசிக்கு அங்கே போனால் "உங்க ஊர்ல போட்டுக்கோங்க" என்றார்களாம், இங்கே வந்தால் "பதிவு அங்கதான இருக்கு" என்கிறார்கள். பேரனுக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. எங்கேதான் போவது?
(எல்லையோர ஊரிலிருந்து ஒரு மாமியார்)

பதில்: புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கிழிந்த துணி மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும். பாகூரிலிருந்து எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் தமிழ்நாடு வந்துவிடும், நடுநடுவே விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள் வேறு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு எல்லை வந்தது தெரிவதே சாராயக்கடை போர்டைப் பார்த்துத்தான். பிரசவம் என்று வந்தால் கடலூர்க்காரர்களும் விழுப்புரத்துக்காரர்களும் ஜிப்மருக்குப் போவார்கள், எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அது காலங்காலமாக நடப்பது. அங்கே பிறந்தவுடன் போட வேண்டிய காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி மூன்றும் சரியாகப் போட்டுவிடுவார்கள். கோளாறெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பிக்கிறது. நம் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டில் மூன்று மாதமோ ஐந்து மாதமோ இருப்பாள். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று முக்கியமான மூன்று தவணையும் சரியாக அந்த நேரத்தில்தான் விழும். கர்ப்பத்தைப் பதிந்த நர்ஸ் ஒரு ஊர், பிள்ளை பிறந்தது ஒரு ஊர், பிள்ளை வளர்வது மூன்றாவது ஊர். இரண்டு பக்க நர்ஸும் தன் நோட்டில் இல்லாத பிள்ளையை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துவிடுவார்கள். நான் வேலையில் இருந்தபோதும் இந்தத் தப்பு நடந்தது, என் கையாலும் நடந்திருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது, ஊசி நாளான வருகிற புதன்கிழமை எது பக்கமோ அங்கே போங்கள். பதிவு எங்கே இருந்தாலும் அரசு நிலையத்தில் பிள்ளைக்கு ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும், ஆதார் இல்லை, ரேஷன் கார்டு வேற மாநிலம் என்றெல்லாம் திருப்பி அனுப்பக்கூடாது. இரண்டு பக்கமும் தேசியத் தடுப்பூசி அட்டவணைதான். ஒன்றரை மாதத்தில் ஐந்து நோய்க்கான பென்டா ஊசி, போலியோ சொட்டு, போலியோ ஊசி, வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு, நிமோனியா ஊசி என்று அங்கே போடுவதைத்தான் இங்கேயும் போடுவார்கள். இரண்டு வாரம் தள்ளிப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, இப்போது முதல் தவணை, அதிலிருந்து நான்கு வாரம் கழித்து அடுத்தது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடலூர் மாவட்டம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வருகிற மாவட்டம், நெல் வயலில் தேங்கிய தண்ணீரில் வளரும் கொசு பரப்புவது அது. அதனால் ஒன்பதாவது மாதம் போகும்போது தட்டம்மை ஊசியோடு மூளைக்காய்ச்சல் ஊசியையும் கேளுங்கள், ஒன்றரை வயதில் இரண்டாவது தவணை. ஊசி அட்டையின் இரண்டு பக்கத்தையும் மகன் போனிலும் மருமகள் போனிலும் படம் எடுத்து வையுங்கள். தடுப்பூசிக் கணக்கு வைக்கிற அரசின் யூ-வின் தளத்தில் பதிந்துவிட்டார்களா என்று நர்ஸிடம் கேளுங்கள், அதில் போன் நம்பர் ஏறிவிட்டால் எந்த ஊரில் போட்டாலும் கணக்குத் தெரியும்.

திருப்பி அனுப்பினால்? நகராதீர்கள். மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள். மாமியார் உட்கார்ந்தால் காரியம் நடக்கும், மருமகள் உட்கார்ந்தால் "நாளைக்கு வாம்மா" என்பார்கள். நான் பார்த்த உலகம் இது.

கேள்வி: முதல் ஊசி போட்ட ராத்திரி பாப்பாவுக்குக் காய்ச்சல், விடிய விடிய அழுகை, தொடை வீங்கிவிட்டது. "பச்ச உடம்ப குத்திக் கெடுத்துட்டாங்க, இனிமே வேணாம்" என்று அத்தை சொல்கிறார். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. இரண்டாவது ஊசிக்கு நாள் தாண்டுகிறது.
(குறிஞ்சிப்பாடியிலிருந்து ஓர் இளம் தாய்)

பதில்: தங்கச்சி, வந்த கடிதங்களில் பாதி இதுதான். பொய்ச் செய்தியும் புரளியும் எத்தனை பிள்ளைகளைத் தடுத்தனவோ, இந்த ஒரு ராத்திரி அதைவிட அதிகம் பேரைத் தடுத்திருக்கிறது. பென்டா ஊசியில் கக்குவான் இருமலுக்கான மருந்து இருக்கிறது, காய்ச்சலைக் கொண்டுவருவது பெரும்பாலும் அதுதான். ஊசி போட்ட அன்று சாயங்காலமே ஆரம்பிக்கும், ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். உடம்பு மருந்தை அடையாளம் கண்டுகொண்டு வேலை செய்யும்போது வரும் சூடு அது. நர்ஸ் கொடுத்த பாரசிட்டமால் சொட்டை அவர் சொன்ன அளவில் கொடுங்கள், அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவைக் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுங்கள், எப்போதையும்விடக் கொஞ்சம் அடிக்கடியே கொடுங்கள். வீக்கத்தின் மேல் சுத்தமான துணியை நனைத்து வைத்தால் போதும். நாமக்கட்டி, மஞ்சள், தைலம், வெந்நீர் ஒத்தடம், உருவிவிடுவது எதுவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்குக் குத்தின இடத்தில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கட்டி சில வாரம் நிற்கும், தானாகக் கரைந்துவிடும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு வந்தால், மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் வீறிட்டு அழுதால், துவண்டு போனால், மூச்சுக்குத் திணறினால், பால் குடிக்காவிட்டால், காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால். இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இதெல்லாம் அபூர்வம்தான், ஆனாலும் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அந்த அபூர்வத்துக்காகத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடாதீர்கள்.

உன் அத்தையைப் பற்றி. அவர் கெட்டவர் இல்லை, அந்த ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்தது யார் என்று யோசித்துப் பார். "காய்ச்சல் வரும், இரண்டு நாள் அழும், இப்படிச் செய்யுங்க" என்று ஊசிக்கு முன்னாடியே பாட்டிகளிடம் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வீட்டில் வராது. ஊசி போடும்போது நர்ஸுக்கு எதிரில் நிற்பது தாய், ராத்திரி தீர்ப்புச் சொல்வது பாட்டி. இது எனக்குப் புரியவே பல வருடம் ஆனது. அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது பாட்டியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன், பாரசிட்டமால் சொட்டையும் அவர் கையில்தான் கொடுப்பேன். பொறுப்பு கைக்கு வந்துவிட்டால் பேச்சே மாறிவிடும். அடுத்த புதன் அத்தையையும் அழைத்துக்கொண்டு போ. இரண்டாவது தடவை காய்ச்சல் வந்தே தீரும் என்றும் இல்லை.

உன் வீட்டுக்காரர் வாய் திறக்காதது பற்றித் தனியாக ஒரு இதழே எழுதலாம்.

கேள்வி: பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. ஊசியைத் தள்ளிப்போடலாமா?
(பண்ருட்டி)

பதில்: வேண்டாம். சாதாரண சளி, லேசான வயிற்றுப்போக்கு, எடை குறைவு எதற்காகவும் தள்ளிப்போடக்கூடாது. எடை குறைந்த பிள்ளைக்குத்தான் நோய் வந்தால் தாங்காது, அதற்கு முதலில் போட வேண்டும். நல்ல காய்ச்சலில் சுருண்டு கிடந்தால் டாக்டரிடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா பாட்டி எந்த ஊசி போட்டார்கள்? கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு 90 வயது வரை வாழவில்லையா?
(சிதம்பரம்)

பதில்: வாழ்ந்தார்கள். அந்தப் பாட்டி எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள். "எட்டு பெத்தேன், மூணு நின்னுச்சு" என்று சொல்லும் பாட்டிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 90 வயது தாத்தா கண்ணுக்குத் தெரிகிறார், ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு போன அவருடைய தம்பி தெரிய மாட்டான், அவனுக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். பிறந்த குழந்தைக்கு வரும் அந்த ரண ஜன்னி (டெட்டனஸ்) இந்தியாவில் ஒழிக்கப்பட்டது என்று 2015ல்தான் அறிவித்தார்கள். போலியோவில் கடைசிப் பிள்ளை 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில் ஹவுராவில். கூழ் நல்லதுதான், நானும் குடிக்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலை கட்டியிருக்கிறோம், நர்ஸுக்குச் சொல்லக்கூடாது என்கிறார்கள். அம்மைக்கு ஊசி போடுவது சாமி குத்தம் இல்லையா?
(பரங்கிப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: நானும் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள்தான், அதனால் பயப்படாமல் படி. வேப்பிலை கட்டுவது, வெளியாட்களை உள்ளே விடாதது, பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பது, தாளிக்காமல் சமைப்பது, மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரை எங்கும் போகாமல் இருப்பது, இந்தக் கட்டுப்பாட்டில் பாதி தொற்று பரவாமல் இருக்க நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி. அதைக் கேலி பேசினால் அந்த வீட்டு வாசலை நீ மிதிக்க முடியாது. ஆனால் நோய் தெரிவதற்கு முன்னாடியே பரவ ஆரம்பித்துவிடுகிறது, அதுதான் சங்கடம். தட்டம்மை, சில ஊரில் மணல்வாரி என்பார்கள், தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும். வேப்பிலை கட்டும்போது தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஏறியிருக்கும். ஊசி போடாத கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அதிலிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும் என்று கணக்கு.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் அம்மை என்கிறோம். நீர் கோத்த கொப்புளமாக வருவது சின்னம்மை, அதற்கு அரசு அட்டவணையில் ஊசி கிடையாது. சளி, இருமல், சிவந்த கண்ணோடு காய்ச்சல் வந்து, அப்புறம் மணல் தூவின மாதிரி முகத்திலிருந்து கீழே இறங்குவது தட்டம்மை. அரசு ஊசி தட்டம்மைக்கும் ரூபெல்லா என்கிற ஜெர்மன் அம்மைக்கும் மட்டும், 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஊசி போட்ட பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் "ஊசி போட்டும் அம்மை வந்துச்சே" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள், அதோடு அந்தத் தெருவில் நம் பேச்சு எடுபடாது.

தட்டம்மை நிமோனியாவாக மாறும், வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், பார்வையைப் பறிக்கும். கண்ணைக் காப்பாற்ற வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும், அதற்காகவாவது நர்ஸுக்குச் சொல்லத்தான் வேண்டும். நீயே போன் பண்ணு, யார் சொன்னது என்று வெளியே சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குள் வர வேண்டாம், வாசலில் நின்று பார்க்கட்டும் என்று கேள். நான் அப்படித்தான் செய்வேன், செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, கால் கழுவிவிட்டு, கையில் கொஞ்சம் வேப்பிலையோடு நிற்பேன். உள்ளே விடாத வீடு ரொம்பக் குறைவு. மற்ற பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு முன்னாடி சொன்னது சில ஊரில் பூசாரிதான்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் வந்த தென்பெண்ணை வெள்ளத்தில் வீட்டுச் சாமானோடு ஊசி அட்டையும் போய்விட்டது. எதைப் போட்டோம், எதை விட்டோம் என்று தெரியவில்லை. இப்போது முதலிலிருந்து போட வேண்டுமா?
(கடலூர்)

பதில்: 2024 டிசம்பர் வெள்ளத்தில் அட்டை போனவர்கள் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. அட்டை இல்லை என்ற வெட்கத்திலேயே, திட்டுவார்களோ என்ற பயத்திலேயே நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் பிறப்புச் சான்றிதழ் வாங்கின காகிதங்களில் எங்காவது இருக்கும், அதை வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய பதிவை எடுக்கலாம். பிள்ளையின் இடது தோளில் தழும்பு இருந்தால் பி.சி.ஜி. போட்டது உறுதி. போட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லையென்றால் போடாததாக வைத்துப் போடுவார்கள், ஒன்றிரண்டு கூடுதலாகிவிட்டால் ஆபத்து இல்லை. ஆதாரம் இருக்கிற தவணைகளை மறுபடி போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். ஒரு வயது தாண்டிவிட்டால் பி.சி.ஜி. போட மாட்டார்கள், பென்டா அதுவரை ஆரம்பிக்கவே இல்லையென்றால் அதற்குப் பதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கான முத்தடுப்பு ஊசி, அது 7 வயது வரை. தட்டம்மை ஊசியும் போலியோ சொட்டும் 5 வயது வரை. புது அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள்.

கேள்வி: செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கைக்குழந்தைகள் பலருக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. "விழிப்புணர்வு இல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
(விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: தம்பி, "விழிப்புணர்வு இல்லை" என்ற வார்த்தையை நானும் கூட்டம் கூட்டமாகக் கேட்டவள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து சொல்வதற்கு அதைவிட வசதியான வார்த்தை கிடையாது. நடப்பதைப் பார்ப்போம். மழை ஓய்ந்து சூளை ஆரம்பித்ததும் குடும்பத்தோடு போய்விடுகிறார்கள், முன்பணம் வாங்கியிருப்பார்கள். கூலி கல் கணக்கு. புருஷன் மண் மிதிக்க, பெண்டாட்டி கல் அறுக்க, இரண்டு பேர் கையும் ஓடினால்தான் கணக்கு நேராகும். ஊசி முகாம் எப்போது? காலை ஒன்பதிலிருந்து மதியம் வரைக்கும். அந்த நேரத்துக்குத் தாய் கிளம்பினால் அன்றைய கல் போச்சு, மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் போச்சு. ஓர் ஊசிக்கு இரண்டு நாள் கூலி. இலவசம் என்று நாம் போஸ்டர் ஒட்டுகிறோம்.

அப்புறம் அந்த ஊர்ப் பதிவில் அவர்கள் கிடையாது, சொந்த ஊர்ப் பதிவில் "வெளியூர் சென்றுவிட்டார்" என்று எழுதியிருக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தின் ஒரு பங்கு ஊசியோடு கட்டியிருக்கிறது, நல்ல யோசனைதான், ஆனால் வங்கிக் கணக்கும் பதிவும் இல்லாதவளுக்கு அது எப்படி எட்டும்? போன இடத்தில் பெஞ்சில் உட்கார விடாமல் தரையில் உட்காரச் சொன்ன கதையும் உண்டு. ஒருதரம் அப்படி நடந்த இடத்துக்கு எந்தத் தாய் மறுபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தட்டம்மை மருந்தும் பி.சி.ஜி.யும் பொடியாக வரும், கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிஞ்சினதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் ஐந்து பிள்ளைகளுக்கு வரும், சிலது பத்துப் பிள்ளைகளுக்கு. ஒரு புதன்கிழமை மதியம் சூளையிலிருந்து ஒரு பெண், ஒரே ஒரு பிள்ளையோடு, மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தாள். காலையில் கரைத்த குப்பி தீர்ந்துவிட்டது. ஒரு பிள்ளைக்காக இன்னொன்றை உடைத்தால் வீணாகும், மீட்டிங்கில் கேட்பார்கள் என்று "அடுத்த புதன் வாம்மா" என்று சொல்லிவிட்டேன். விதி என்ன தெரியுமா, ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியை உடைக்க வேண்டும். எனக்கும் அது தெரியும். அடுத்த புதன் அவள் வரவில்லை. அந்தச் சூளையில் வேலை முடிந்து வேறு சூளைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, எத்தனை மருந்து வீணானாலும் சரி என்று உடைத்தேன், மீட்டிங்கில் திட்டும் வாங்கினேன்.

உங்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. சூளை மேஸ்திரியிடம் பேசி எந்த நாள் கூலி கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள், அன்று வேலை சீக்கிரம் முடியும். எத்தனை பிள்ளை, என்ன வயது என்று ஒரு தாளில் எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுத்து, அந்த நாள் சாயங்காலம் சூளைக்கே வரச் சொல்லிக் கேளுங்கள். பெயர்ப்பட்டியலோடு போனால் மறுப்பது கஷ்டம். பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் கூட நின்றால் தாய்களுக்கும் பயம் இருக்காது.

கேள்வி: 2008ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்ததைப் பேப்பரில் படித்தவன் நான். அதற்கப்புறமும் எப்படி நம்புவது?
(வில்லியனூரிலிருந்து ஒரு தாத்தா)

பதில்: ஐயா, அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு ஊருக்குள் போவேன் என்று இருந்தது. நடந்தது நிஜம், அதை மூடி மறைத்து யாரையும் நம்ப வைக்க முடியாது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கிராமத்துக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்திவிட்டு, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது. ஆனால் பால்வாடி வாசலில் கிடைத்துக்கொண்டிருந்த ஊசிக்கு பஸ் ஏற வேண்டியதாகிவிட்டது. தேசிய குடும்ப நல ஆய்வுக் கணக்கில் எல்லா ஊசியும் போட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் 2005-06ல் நூற்றுக்கு 81 பேர், 2015-16ல் 70 பேர். மற்ற இடங்களில் ஏறிக்கொண்டிருந்தபோது நமக்கு இறங்கியது. எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், தூரமும் பயமும் அதில் சேர்த்தி என்பது என் எண்ணம். அப்புறம் கிராமத்து முகாம்கள் திரும்பி வந்தன, 2019-21 கணக்கில் 89 ஆகிவிட்டது.

நடுவில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் வந்தது, தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகா, கோவா, லட்சத்தீவு ஐந்திலும் முதலில். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவர் குரல், பிள்ளை பிறக்காமல் போய்விடும், புத்தி மந்தமாகிவிடும் என்று. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன தகப்பன்களைப் பார்த்தேன். தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்று 1998ல் இங்கிலாந்தில் ஒருவர் எழுதின கட்டுரையிலிருந்து கிளம்பின பயத்தின் வால்தான் அதில் பாதி. அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கட்டுரை போய்விட்டது, வால் இன்னும் நம் தெருவில் ஆடுகிறது.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, அதை நர்ஸிடமும் கேளுங்கள். குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து நல்லது. சதுரமும் வட்டமும் ஒரே நிறமானாலோ, சதுரம் கறுத்தாலோ மருந்து சூடு பட்டுவிட்டது, போடக்கூடாது. பொடி மருந்தை எத்தனை மணிக்குக் கரைத்தீர்கள் என்றும் கேளுங்கள், குப்பியிலேயே நேரம் எழுதியிருக்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிற நர்ஸைவிடக் காட்டுகிற நர்ஸ்தான் அதிகம்.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் போட்டால் காய்ச்சலே வராதாமே? கடன் வாங்கியாவது அங்கே போடலாமா?
(நெய்வேலி)

பதில்: கடன் வாங்காதீர்கள். வலியில்லாத ஊசி என்று சொல்வதில் கக்குவான் மருந்து வேறு வகை, காய்ச்சல் குறைவுதான், ஆனால் அரசு ஊசி தரம் குறைந்தது என்று அர்த்தம் இல்லை. ஆயிரக்கணக்கில் கேட்கிற நிமோனியா ஊசி 2021லிருந்து அரசிலேயே இலவசம். இரண்டு தவணை தனியாரில் போட்டுவிட்டு மூன்றாவதற்குக் காசில்லாமல் நிறுத்தினவர்களைத்தான் எனக்குத் தெரியும். அப்படி நின்றிருந்தால் அட்டையோடு அரசு நிலையத்துக்கு வாருங்கள், மீதியைப் போடுவார்கள்.

கேள்வி: அம்மா, நானும் உங்கள் வேலையில்தான் இருக்கிறேன், சேர்ந்து இரண்டு வருடம். பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஆள் இல்லாததால் அதையும் நான்தான் பார்க்கிறேன். பாதி நாள் ஆன்லைனில் ஏற்றுவதிலேயே போகிறது. ஊசிக்கு வராத வீடுகளுக்கு எப்போது போவது?
(திட்டக்குடி பக்கம், பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: ஊரைச் சொல்லவில்லை, பயப்படாதே. ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு, இரண்டைப் பார்க்கிறாய் என்றால் உன்மேல் தப்பில்லை, காலி இடத்தை நிரப்பாதவர்கள் மேல்தான் தப்பு. நீ பட்டியலைத் தேதிப்படி வைக்காதே, வீட்டுப்படி வை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போனவள், சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பம், போன தடவை காய்ச்சல் வந்து சண்டை நடந்த வீடு, இந்த மூன்றையும் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிக்கொள். பத்துப் பன்னிரண்டு வீடுதான் தேறும். தாயின் போன் பெரும்பாலும் புருஷன் கையில் இருக்கும், அதனால் பாட்டி நம்பரோ எதிர்வீட்டு நம்பரோ வாங்கிக்கொள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் பத்து வீட்டுக்கு மட்டும் போன் போடு. வியாழக்கிழமை காலையில் "ராத்திரி எப்படித் தூங்குச்சு?" என்று ஒரு போன். நான் ரிட்டயர் ஆகி நாலு வருடம் ஆகிறது, வியாழக்கிழமை காலையில் இன்னமும் சில பேர் அவர்களாகவே எனக்குப் போன் பண்ணி "காய்ச்சல் விட்டுடுச்சு நர்ஸம்மா" என்கிறார்கள், அவர்கள் எந்த நர்ஸின் பட்டியலில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.